ஆரேயில் காக்க வேண்டிய தவளை, அந்தமானில் ஏன் தொல்லை?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மழை தொடங்கிய நேரத்தில் போர்ட் பிளேரில், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தாராம். மாமாவின் மீன் குட்டையைச் சுற்றிக் கையகலத்துக்கு மஞ்சள் தவளைகள் கத்திக்கொண்டிருந்தனவாம். "இதுங்க வந்ததிலேர்ந்து கோழிக்குஞ்சு மிஞ்சறதில்லை" என்று மாமா சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் இருந்த வனத்துறை ஊழியரோ, அது தீவுத் தவளையே இல்லை, வெளியிலிருந்து வந்தது என்றாராம். நண்பருக்குக் குழப்பம். இங்கே மும்பை ஆரே காலனியில் மழைக்குட்டைகளைத் தூர்க்காதீர்கள், புல்ஃபிராக் என்ற இந்தப் பெரிய தவளை போய்விடும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதே தவளை அங்கே தொல்லை என்றால், சின்னத் தீவுகளில் தவளைகள் அழிகின்றனவா, பெருகுகின்றனவா? மாமா என்ன செய்ய வேண்டும்?

தவளைகள் மொத்தத்தில் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. ஒரு தவளைக்குத் தீவு என்பது எப்படிப்பட்ட இடம் என்பதுதான் நீங்கள் கேட்டதன் உள்ளே இருக்கும் கேள்வி. நான் மும்பையில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன். ஜூன் மாதம் பிறந்தால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஆரே, போரிவலி காட்டுப் பக்கம் தவளை பார்க்கப் போவது வழக்கம். ஆகவே மும்பைத் தவளைகளைப் பற்றி என் கண்ணால் கண்டதைச் சொல்வேன். தீவுத் தவளைகளைப் பற்றி நான் சொல்வது அங்கே வருடக்கணக்கில் களத்தில் இருந்தவர்களின் ஆய்வுகளைப் படித்தும் கற்பித்தும் வந்த அறிவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் தோல். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு அந்த ஈரத்தோல் வழியாகத்தான். தண்ணீரை உள்ளே விடும் தோல் வெளியேயும் விடும் இல்லையா? மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் நீர் விடுவதுபோல, கடல்நீரில் விழுந்த தவளையின் உடம்பிலிருந்து நீர் வெளியேறிவிடும். ஓடில்லாத அதன் முட்டைகளுக்கும் இதே கதிதான். இதனால் கண்டத்திலிருந்து வெகுதூரத்தில், எரிமலை வெடித்து நடுக்கடலில் எழும்பிய தீவுகளில் சொந்தத் தவளை அநேகமாக இருப்பதில்லை. ஹவாயில் ஒன்றுகூடக் கிடையாது. டார்வின் 1859இல் வெளியிட்ட தன் நூலில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார். தவளைக்கு ஒத்துவராத இடம் என்பதால் அது அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது, மடைரா, அசோர்ஸ், மொரீஷியஸ் தீவுகளில் மனிதர் கொண்டுபோய் விட்டதும் தொல்லையாகும் அளவுக்குப் பெருகிவிட்டன என்று அவர் எழுதினார். உங்கள் மாமாவின் குட்டையில் நடப்பதற்கு இதைவிடப் பழைய விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. தடுத்தது கடல். கடலை நாம் தாண்ட வைத்துவிட்டால் தடை போய்விட்டது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவையும் சுவாரசியமானவை. சேற்று நண்டுகள் திரியும் உப்பங்கழிகளில் வாழும் நண்டு தின்னித் தவளை ஒன்று அந்தமான் நிக்கோபார் கரைகளிலும் தென்கிழக்காசியா முழுவதும் இருக்கிறது. தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்து உப்பைச் சமாளிக்கும் வித்தை அதற்குத் தெரியும். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் சாவ் டோமே ஒரு எரிமலைத் தீவு. அங்கே தவளைகளும், மண்ணுக்குள் வாழும், காலில்லாத, தவளைக்கு உறவான சிசிலியன் ஒன்றும் இருக்கின்றன. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரக்கூட்டங்களின் மேல் மிதந்து சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கணிப்பு பலமானதுதான், ஆனால் யாரும் பார்த்ததில்லை. மடகாஸ்கரிலிருந்து கடல் தாண்டி மயோட்டே தீவுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு தவளை இனங்களுக்கும் இதே வகை விளக்கம்தான் சொல்கிறார்கள்.

சேஷெல்ஸ் கதை வேறு. அந்தத் தீவுகளின் கருங்கல் பாறைகள் ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்தின் துண்டு. 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தியா வடக்கே நகர்ந்தபோது அந்தத் துண்டு கடலிலேயே நின்றுவிட்டது, தவளைகளும் அதன்மேல் நின்றுவிட்டன. அவற்றில் ஒன்று வளர்ந்த பிறகும் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்கு நடுக்காது இல்லை. வாயின் உட்குழிவு அதிர்ந்து ஒலியைக் காதுக்குக் கடத்துகிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? இடுக்கி மலையில் வருடம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து, முதல் மழையில் சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை. 2003இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் இன்னொரு இனத்தை 2017இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில் கண்டு பெயரிட்டார்கள். சேஷெல்ஸில் ஒரு மலைத்தலையில் ஒரு தவளை இல்லாமல் போனால், அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக்காரன் போவது. தீவுத் தவளை என்றால் எங்கோ தூரத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, சின்னத் தீவில் என்ன சிக்கல்? இடம் குறைவு என்பதைச் சொற்களில் சொன்னால் புரியாது, ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். நியூசிலாந்தில் ஸ்டீஃபன்ஸ் தீவு என்று ஒன்று, மொத்தம் 150 ஹெக்டேர். ஹாமில்டன் தவளை என்ற மிகப் பழமையான இனம் அந்தத் தீவு முழுவதும் கூட இல்லை, உச்சிக்குப் பக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கற்குவியலில் அடைந்து கிடந்தது. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் அடங்கிவிடும் பரப்பு. இந்தத் தவளைக்கு நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டைக்குள்ளேயே வளர்ந்து வருகிறது. அதனால் அதற்குக் குளம் தேவையில்லை, கற்களுக்கு இடையே உள்ள ஈரம் போதும். ஆனால் அதே தீவில் துவாட்டாரா என்ற ஊர்வன வாழ்கிறது, அதுவும் நியூசிலாந்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அரிய உயிர், அது தவளையைத் தின்னும். அதைக் கொல்லவா முடியும்? 1990களின் தொடக்கத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொரு கற்குவியலை உருவாக்கி, துவாட்டாரா நுழைய முடியாத வேலி போட்டு, தவளைகளில் சிலவற்றை அங்கே மாற்றினார்கள். பக்கத்து மாட் தீவில் இருந்த தவளைகளையும் எலி இல்லாத வேறு தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே கூடையில் இருந்த உயிரைப் பல கூடைகளில் பிரித்து வைத்த வேலை அது. ஒரு புயல், ஒரு வறட்சி, கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சினை எலி, இவற்றில் எது வந்தாலும் 600 சதுர மீட்டர் உயிருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்தமான். அங்கே சொந்தத் தவளைகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. தரையில் திரியும் தேரைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, இரவில் செடி இலைமேல் ஏறித் தூங்கும் தேரை புதுமை. அப்படிப்பட்ட ஒரு தேரைக்கு 2016இல்தான் தனிப் பேரினமாகப் பெயர் வைத்தார்கள், உலகத்திலேயே அந்தமானில் மட்டும் வாழ்வது அது. டார்வின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு தவளையும் அங்கே உண்டு. மழைநீர் தேங்கிய மரப்பொந்துகளில் அது இனப்பெருக்கம் செய்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் சேர்ந்து செய்து 2024இல் வெளியான ஆய்வு அதை அருகிலிருந்து பார்த்திருக்கிறது. பொந்துக்குள் ஆணும் பெண்ணும் நீருக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி முட்டையிடுகின்றன. முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே உள்ள நீரில் விழும். அதே ஆய்வில் என்னைச் சங்கடப்படுத்திய செய்தி ஒன்று உண்டு. காடு குறைந்த இடங்களில் இந்தத் தவளை நாற்றங்கால் கன்றுகளின் பிளாஸ்டிக் பைகளிலும், எறிந்துவிட்ட மழைநீர் தேங்கிய டப்பாக்களிலும் முட்டையிட்டிருந்தது. எப்படியோ பிழைக்கிறது என்று சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கன்று நடப்படும் நாளில் அந்தப் பையில் இருப்பவற்றின் கதி என்ன? மரப்பொந்து தட்டுப்பாடாகிவிட்டது என்பதற்கான அறிகுறியாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

இந்த இடத்துக்குத்தான் உங்கள் மாமா பார்த்த தவளை வந்து சேர்ந்தது. நாம் மும்பையில் ஜூன் இரண்டாம் வாரத்தில் பார்ப்பதும் அதையேதான். முதல் கனமழை பெய்த மறுநாள் ஆரேயின் புல்வெளிப் பள்ளங்களில் ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறி நிற்கும். தொண்டைக்கு இருபுறமும் நீலப் பைகள் ஊதிப் பெருக்கும். சில நாளில் அந்த நிறம் மங்கி மறுபடி சேற்றுப் பச்சையாகிவிடும். புல்ஃபிராக் என்று பாடத்தில் படித்தது இதுதான். நம் நாட்டிலேயே மிகப் பெரிய தவளைகளில் ஒன்று. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும்: பூரான், சுண்டெலி, பல்லி, மற்றத் தவளை, குட்டிப் பாம்பு.

பெரியதைவிட அதன் குஞ்சுதான் ஆபத்து. பெரும்பாலான தவளைகளின் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டியோ நீரை வடிகட்டியோ வயிற்றை நிரப்பிக்கொள்ளும். புல்ஃபிராக்கின் தலைப்பிரட்டை வேட்டையாடும். அதை ஒரு வெள்ளைத் தட்டில் விட்டு, லென்ஸ் வைத்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். வாயில் கருப்பாக, கூர் முனையோடு கொம்புப் பொருளால் ஆன அலகு தெரியும். பக்கத்தில் வேறு தவளையின் தலைப்பிரட்டை வந்தால் வயிற்றையோ வாலையோ கவ்வும், பிடியை விடாது. அது மெதுவாக நீந்தி வருவதைப் பார்த்தால் இவ்வளவு வேகமாகப் பாயும் என்று நினைக்கவே தோன்றாது. தன் சொந்த இனத்தையும் விடுவதில்லை. நம் பக்கத்துத் தவளைகள் இதனுடன் நெடுங்காலம் ஒரே குட்டைகளைப் பங்கு போட்டு வாழ்ந்தவை. சில முந்தி முட்டையிடும், சில வேறு வகைக் குட்டையைத் தேடும். அந்தமான் தவளைகளுக்கு அப்படி ஒரு பழக்கம் வர வாய்ப்பே இருந்ததில்லை.

நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீஸி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தமானில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொட்டிகளில் அங்கே மட்டும் வாழும் இரண்டு இனங்களின் தலைப்பிரட்டைகளோடு புல்ஃபிராக்கின் தலைப்பிரட்டைகளையும் விட்டார்கள். 2019இல் வெளியான முடிவு ஒரே வரியில் அடங்கும்: சொந்தத் தவளைகளின் தலைப்பிரட்டைகளில் ஒன்றும் பிழைக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய் மக்களிடம் எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டும் தொகுத்தார்கள். 2009க்குப் பிறகு பரவல் வேகமெடுத்திருந்தது, விசாரித்த இடங்களில் பாதிக்கும் மேல் அது வந்துவிட்டிருந்தது. வந்த வழி, பிரதான நிலத்திலிருந்து வரும் மீன்குஞ்சுப் பைகள். ரோகு, கட்லா குஞ்சுகளோடு தலைப்பிரட்டையும் கலந்து வந்திருக்கிறது. சில இடங்களில் ஆட்களே வேண்டுமென்று கொண்டுபோய் விட்டதும் உண்டு.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவளை வெளியிலிருந்து வந்தது, மனிதரால் பரவியது, அதன் குஞ்சு சொந்தத் தவளைக் குஞ்சுகளைத் தின்னும், பெரியது சிறு முதுகெலும்பிகளைத் தின்னும் என்பவை உறுதி. கோழிக்குஞ்சு போவதாகத் தீவு மக்கள் ஆய்வாளர்களிடமும் சொல்லியிருக்கிறார்கள், மாமா சொல்வதை நான் நம்புகிறேன். தொட்டியில் நடந்தது காட்டிலும் அதே அளவில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. தொட்டியில் ஒளிய இடமில்லை, காட்டில் உண்டு. புல்ஃபிராக் வயலையும் குட்டையையும் விரும்புவது, அடர்ந்த காட்டுக்குள் அவ்வளவாகப் போகாது. ஆகவே மரப்பொந்துத் தவளைக்கு அதனால் நேரடி ஆபத்து குறைவாகவும், வயல்வெளிக் குட்டைகளில் முட்டையிடும் இனங்களுக்கு மிக அதிகமாகவும் இருக்கும் என்பது என் அனுமானம். அனுமானம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஓரிடத்துப் பிள்ளை இன்னோரிடத்தில் வினையாவது அந்தமானில் மட்டும் நடப்பதில்லை. கொக்கி என்ற சிறு தவளை புவர்த்தோ ரிக்கோவின் செல்லம், அங்கே அதன் உறவினங்கள் சில பல பத்தாண்டுகளாகக் கண்ணில் படவே இல்லை. அதே கொக்கி 1980களின் பிற்பகுதியில் நர்சரிச் செடிகளோடு ஹவாய்க்குப் போய், அங்குள்ள பெரிய தீவில் இனி ஒழிக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டது. நம் நாட்டிலிருந்து போன கீரியின் கதையோ இதைவிட வருத்தமானது. 1872இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்கா கரும்புத் தோட்டங்களுக்கு எலி பிடிக்கப் போயின. 1883இல் ஃபிஜிக்கும் இந்தியக் கீரி போனது. அங்கே இருந்த தரைத் தவளை கீரி பரவிய பெரிய தீவுகளில் அநேகமாகக் காணாமல் போய், கீரி எட்டாத டவேயுனி, ஓவலாவ், கவ், வீவா போன்ற தீவுகளில் நிலைத்தது. எலியைப் பிடிக்கப் போனது தவளையைப் பிடித்தது.

ஆனால் கீரி விஷயத்தில்தான் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கையும் கிடைத்தது. ஜப்பானின் அமாமி தீவில் 1979இல் சுமார் 30 கீரிகளை விட்டார்கள், நச்சுப்பாம்பைக் கட்டுப்படுத்த என்று. பாம்பு இரவில் நடமாடும், கீரி பகலில். சந்திக்கவே இல்லை. கீரி முயலையும் தவளையையும் தின்றது. பல்லாயிரம் பொறிகள், பயிற்சி பெற்ற மோப்ப நாய்கள், இதற்கென்றே 2005இல் அமைத்த முழுநேரக் குழு என்று விடாமல் வேலை செய்து, 2024 செப்டம்பரில் கீரி அறவே இல்லை என்று அரசு அறிவித்தது. 712 சதுர கிலோமீட்டர், மலையும் காடும் நிறைந்த தீவு. கீரி குறையக் குறைய, அந்தத் தீவுப் பகுதியில் மட்டும் வாழும் இரண்டு பெரிய தவளை இனங்கள் பழைய இடங்களுக்குத் திரும்பி வருவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தீவு சிறியதாக இருப்பது சாபம் என்று மேலே சொன்னேன். அதற்கு எல்லை இருப்பதுதான் அதன் வரமும். மகாராஷ்டிரத்திலிருந்து ஓர் எலி இனத்தை ஒழிப்பது நடக்காத காரியம், ஒரு தீவிலிருந்து ஒழிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்றும் உண்டு. கைட்ரிட் என்ற பூஞ்சை. 1990களின் இறுதியில்தான் அடையாளம் கண்டார்கள். தவளையின் தோலில் வளர்ந்து, அந்தத் தோல் செய்யும் உப்புப் பரிமாற்றத்தைக் குலைத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திவிடும். கரீபியனில் டொமினிக்கா, மான்செராட் என்ற இரண்டு தீவுகளில் மட்டும் மீதமிருந்த மலைக்கோழித் தவளை, கோழிக்கறிபோல மக்கள் விரும்பிச் சாப்பிட்ட ஒன்று. 2002இல் டொமினிக்காவில் பூஞ்சை நுழைந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் பத்தில் எட்டுக்கு மேல் மறைந்தது. மான்செராட்டில் 1995இலிருந்து எரிமலை வேறு சீறிக்கொண்டிருந்தது, அதைத் தாங்கிய தவளை 2009இல் வந்த பூஞ்சையைத் தாங்கவில்லை. நோய் தொடாத சில தவளைகளை விமானத்தில் ஐரோப்பிய விலங்குக்காட்சி சாலைகளுக்குக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்தார்கள். இந்தப் பூஞ்சைக்கு வெப்பம் ஆகாது என்பதால், வெதுவெதுப்பாக வைத்த குட்டைகளோடு அடைப்பிடங்கள் அமைத்து மான்செராட்டிலேயே மறுபடி வாழவைக்கப் பார்க்கிறார்கள். இன்றும் காட்டில் அதன் நிலை மிக மோசம்தான்.

இந்தப் பூஞ்சையைப் பற்றிய பெரிய எண்களை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். 501 இனங்கள் குறைந்தன, அவற்றில் 90 அழிந்தன என்று 2019இல் ஓர் ஆய்விதழில் ஒரு கணக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதே ஆய்விதழில் இன்னொரு குழு, இந்தக் கணக்கின் பின்னால் உள்ள தரவு போதாது என்று எழுதியது. பூஞ்சை கொல்கிறது என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை, எத்தனை என்பதில்தான் சண்டை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் பூஞ்சை இருப்பது உறுதியாகியிருக்கிறது, ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் பார்த்ததுபோலக் கூட்டம் கூட்டமாகச் சாவு இங்கே பதிவாகவில்லை. நம் தவளைகள் அதனுடன் நீண்டகாலம் வாழ்ந்து பழகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அதையே அந்தமானுக்கும் நீட்டிச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை.

பூஞ்சையைத் தீவிலிருந்து துடைக்க முடியுமா? ஒரு முறை முடிந்திருக்கிறது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு குட்டித் தேரை, ஆண் தன் பின்னங்கால்களில் முட்டைச் சரத்தைச் சுற்றிக்கொண்டு திரியும். 1977இல் எலும்புப் படிமமாகத்தான் முதலில் தெரியவந்தது, அழிந்த இனம் என்றே எண்ணினார்கள், சில ஆண்டுகளில் மலையிடுக்கில் உயிரோடு அகப்பட்டது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள், நன்றாகப் பெருகியது. ஆனால் வளர்த்த இடத்தில் வேறு நாட்டுத் தவளைகளிடமிருந்து ஒட்டிய பூஞ்சையும் கூடவே காட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் தலைப்பிரட்டைகளை எல்லாம் அள்ளி வந்து மருந்துநீரில் குளிப்பாட்டித் திருப்பி விட்டார்கள், மறுபடி தொற்றிக்கொண்டது. அடுத்த தடவை குட்டைகளை வற்றவைத்து, பாறைகளையே கிருமிநாசினியால் கழுவிய பிறகு தலைப்பிரட்டைகளைத் திருப்பி விட்டார்கள். அது பலித்தது. பாறை இடுக்கில் வேறு உயிர் அதிகம் இல்லாத குட்டைகள் என்பதால்தான் இது முடிந்தது, மழைக்காட்டில் இப்படிக் கிருமிநாசினி ஊற்ற முடியாது. காப்பாற்றப் போகிறவர் கையோடும் நோய் போகும் என்பதை இந்தத் துறையில் எல்லோரும் இங்கிருந்துதான் கற்றோம்.

உலக அளவில் 2023இல் வந்த மதிப்பீடு 8,011 இருவாழ்வி இனங்களைப் பார்த்து, நூற்றுக்கு 41 ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறது. பறவைகளில் இது அப்போது 13 அளவில்தான். காடு அழிவதோடு வெப்பமும் வறட்சியும் இப்போது முதன்மைக் காரணமாக ஏறி வந்திருக்கின்றன. தீவில் இதற்குத் தப்ப வழி மேலே ஏறுவதுதான், சேஷெல்ஸின் மிக உயர்ந்த சிகரமே 905 மீட்டர். அதற்கு மேல் வானம். கீழே கடலும் சும்மா இருப்பதில்லை. 2004 சுனாமியில் பெரிய நிக்கோபாரின் தென்முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது, தாழ்ந்த நன்னீர் நிலங்கள் கடலோடு போயின. ஷோம்பென் பழங்குடி மக்களின் பெயர் தாங்கிய தவளை வாழும் அந்தத் தீவில்தான் இப்போது துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்ற அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மரத்துக்குப் பதில் வேறு மாநிலத்தில் மரம் நடலாம் என்கிறார்கள். அங்கே வாழும் தவளைக்குப் பதில் எங்கே போய் எதை நடுவது? அங்கே இறங்கப்போகும் ஒவ்வொரு சரக்குப் பெட்டியும் இன்னொரு மீன்குஞ்சுப் பைதான் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் இருக்கும் ஆசியத் தேரை மடகாஸ்கரில் முதலில் பரவியது டோமாசினா துறைமுகத்தைச் சுற்றித்தான்.

இனி உங்கள் குழப்பம். ஆரேயில் அந்தத் தவளைக்காக நீங்கள் நிற்பது முழுக்கச் சரி. அது இங்கே பிறந்து வளர்ந்தது, அதன் மழைக்குட்டைதான் மற்றத் தவளைகளுக்கும் குட்டை, பாம்புக்கும் கொக்குக்கும் சோறு. 1980களில் தவளைக் கால் ஏற்றுமதிக்காக இதே இனத்தை டன் கணக்கில் பிடித்தார்கள், 1987இல்தான் தடை வந்தது. பாதுகாப்பு என்பது தவளைக்கு மட்டும் தருவதில்லை, தவளையும் இடமும் சேர்ந்த உறவுக்குத் தருவது. அந்தமானில் அந்த உறவு இல்லை.

மாமாவுக்குச் சொல்லுங்கள்: மீன்குஞ்சுப் பை வந்ததும் நேராகக் குட்டையில் கொட்ட வேண்டாம். வெள்ளைத் தொட்டியில் ஊற்றி, வெளிச்சத்தில் பார்க்கட்டும். மீன்குஞ்சு நீண்டு ஒல்லியாகத் துடுப்போடு இருக்கும், தலைப்பிரட்டை உருண்டைத் தலையும் தட்டை வாலுமாக அடியில் கிடக்கும், கையால் பொறுக்கிவிடலாம். பை நீரை ஓடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், தண்ணீர் தேங்காத காய்ந்த மண்ணில் ஊற்றட்டும். தன் குட்டையின் மீனையோ நீரையோ அந்தத் தவளை இன்னும் போகாத தீவில் இருக்கும் உறவினருக்கு அனுப்பவே கூடாது, பரவல் இப்படி அன்பளிப்பாகவும் நடக்கும். கோழிக்குஞ்சுகளை மழை மாதங்களில் இரவில் நெருக்கமான வலைக்கூண்டில் அடைக்கட்டும். தவளைகளைத் தானாக அடித்துக் கொல்ல வேண்டாம், சட்டச் சிக்கல் ஒரு பக்கம், தீவின் சொந்தப் பெரிய தவளையை இதுவென்று நினைத்துக் கொன்றுவிடும் ஆபத்து இன்னொரு பக்கம். முதுகில் நீளவாக்கில் தோல் மடிப்புகள், நடுவில் பெரும்பாலும் ஒரு வெளிர்க் கோடு, மழையில் மஞ்சளாகும் ஆண், இந்த மூன்றையும் படம் பிடித்து, கத்தும் ஒலியைச் செல்போனில் பதிந்து, தேதியும் இடமும் குறித்துப் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் கொடுக்கட்டும். பக்கத்து வீட்டிலேயே ஊழியர் இருக்கிறார் என்றால் இன்னும் வசதி.

நீங்கள் அடுத்த முறை போகும்போது செருப்பு, ஷூவில் ஆரேச் சேறு ஒட்டியிருந்தால் இங்கேயே கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள். செடித்தொட்டி, அலங்கார மீன் எதையும் பரிசாக எடுத்துப் போகாதீர்கள். மாமா வீட்டுப் பின்னால் காடு இருந்தால், மழை நின்ற இரவில் டார்ச்சோடு செடிகளின் இலைமேல் பாருங்கள். தூங்கும் தேரை தென்பட்டால் தொடாமல் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், இனத்தை அடையாளம் காண என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன்.